பனியில் பிக்கப் ட்ரக்: ஃபோர் வீல் தகராறு செய்தால் எங்கே பார்ப்பது

கனடாவில் குளிர்காலம் தொடங்கியதும் பிக்கப் ட்ரக்கின் ஃபோர் வீல் (நான்கு சக்கரமும் இழுக்கும் வசதி) பற்றி எழும் புகார்களில் பலவற்றுக்கு ஸ்பேனரே தேவைப்படாது. ஃபோர் வீல் போடும் குமிழை எந்தத் தரையில், எந்த வேகத்தில், ஸ்டியரிங் எப்படி இருந்தபோது திருப்பினீர்கள் என்பதிலேயே விடை கிடைத்துவிடும். மீதிதான் உப்பு, துரு, பழைய பேட்டரி, காய்ந்துபோன ரப்பர் குழாய்.

இங்கே சொல்வதெல்லாம் 2எச், 4எச், 4எல் என்று குமிழோ லீவரோ உள்ள பிக்கப்புகளுக்கு: எஃப்-150, சில்வராடோ, ரேம் 1500, டகோமா மாதிரியானவை. சிலவற்றில் கூடுதலாக 4ஆட்டோ இருக்கும். ஹோண்டா ரிட்ஜ்லைன் ஆல் வீல் வண்டி, அதன் கதை வேறு.

2எச்-இல் பின் சக்கரங்கள் மட்டும் தள்ளும். முன்பக்க டிரைவ் ஷாஃப்ட் சும்மா கிடக்கும். பல வண்டிகளில் அது சுழல்வதுகூட இல்லை. 4எச் போட்டால், கியர் பெட்டியின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுழல முடியும், வேக வித்தியாசத்தை விட்டுக்கொடுக்கும் டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. 4எல் அதே பூட்டுத்தான், கூடவே சுமார் 2.6 அல்லது 2.7 மடங்கு கியர் குறைப்பு. 4ஆட்டோவில் பூட்டுக்குப் பதில் கிளட்ச் தட்டுகள். பின் சக்கரம் வழுக்கும்போது மட்டும் முன்னால் சக்தி போகும்.

கீழே வரும் அறிகுறிகளில் முதல் சில அந்தப் பூட்டிலிருந்துதான் கிளம்புகின்றன.

திரும்பும்போது வண்டி கட்டுகிறது, டயர் கீச்சிடுகிறது, துள்ளுகிறது

வெளியே முழங்கால் பனி. 4எச்-இல் வீடு வந்து, அடுக்குமாடியின் நிலத்தடி பார்க்கிங்கில் இறங்குகிறீர்கள். உள்ளே காய்ந்த கான்கிரீட். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து இடத்தில் விடப் பார்த்தால், யாரோ பிரேக்கைப் பிடித்தது போல வண்டி இழுத்துக்கொண்டு நிற்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் டக்கென்று ஒரு துள்ளல்.

உடைந்தது எதுவும் இல்லை, 4எச் இன்னும் போட்டபடி இருக்கிறது, அவ்வளவுதான். வளைவில் முன் சக்கரங்கள் போகும் பாதை பின் சக்கரங்களின் பாதையைவிட நீளம். சுமார் 3.7 மீட்டர் வீல்பேஸ் உள்ள இரட்டைக் கேபின் பிக்கப், ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துக் கால் வட்டம் போட்டால், முன் சக்கரங்கள் ஏறக்குறைய 1.8 மீட்டர் கூடுதலாக ஓடியாக வேண்டும். ஷாஃப்டுகள் பூட்டியிருப்பதால் அந்த வித்தியாசம் எங்கும் போக முடியாமல் ஷாஃப்ட், செயின், கியர் பற்களில் முறுக்காக ஏறுகிறது. பனியில் ஏதாவது ஒரு டயர் லேசாக வழுக்கி முறுக்கைக் கழித்துவிடும். கான்கிரீட் அதற்கு இடம் கொடுக்காது.

என்ன செய்வது: ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுங்கள். ஸ்டியரிங்கை நேராக்குங்கள். 2எச் போட்டு, நேராக 2, 3 மீட்டர் பின்னால் வாருங்கள். முறுக்கு அவிழும்போது 'டொப்' என்று ஒரு சத்தம் கேட்கலாம், பயப்பட வேண்டாம். அதன் பிறகு திரும்புங்கள்.

இதே பழக்கம் தொடர்ந்தால் முதலில் போவது டிரைவ் ஷாஃப்டின் மூட்டான யு ஜாயின்ட், அடுத்து டிரான்ஸ்ஃபர் கேஸ் செயின் தொய்வு, சில வண்டிகளில் முன் டிஃபரன்ஷியல். மூன்றும் கைக்காசைக் கரைக்கும் வேலை.

நெடுஞ்சாலையில் எப்போது 2எச்-க்குத் திரும்புவது என்று கேட்பவர்களுக்கு எளிய கணக்கு ஒன்று: இரு சக்கரத் தடங்களிலும் கறுப்புத் தார் தொடர்ச்சியாகத் தெரிந்தால் 4எச்-க்கு வேலை இல்லை. தார், பனி, தார், பனி என்று மாறி மாறி வரும் சாலைக்குத்தான் 4ஆட்டோ. அது இல்லாத வண்டியில், பெரும்பகுதி வெள்ளையாக இருக்கும்வரை 4எச்-இல் நேராக ஓட்டலாம், வளைவான இறங்குபாதையில் தார் தெரிந்தால் எடுத்துவிடுங்கள்.

ஸ்டியரிங் நேராக இருக்கும்போதும், பனி இல்லாத சாலையில் கட்டுவது போலத் தோன்றினால் டயர்களைப் பாருங்கள். முன்னால் 10 மி.மீ. பள்ளம் உள்ள புது டயர், பின்னால் 5 மி.மீ. தேய்ந்த டயர் என்றால் ஆரமே 5 மி.மீ. வேறு. பிக்கப் அளவு டயரில் கிலோமீட்டருக்குச் சுமார் 12 மீட்டர் வித்தியாசம். நேர் சாலையிலும் முறுக்கு ஏறிக்கொண்டே இருக்கும். "இரண்டு மட்டும் மாற்றினால் போதும்" என்று கடையில் சொல்வது ஃபோர் வீல் வண்டிக்குப் பொருந்தாது. நான்கும் ஒரே அளவு, ஒரே தயாரிப்பு, கிட்டத்தட்ட ஒரே தேய்மானம்.

2எச்-க்கு மாற்றியும் 4எச் விளக்கு அணையவில்லை

மேலே சொன்ன முறுக்குத்தான். பற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருப்பதால் மோட்டார் இழுத்தும் விலகவில்லை. நேராக ஓட்டிக்கொண்டே காலை எடுத்து மிதித்து, எடுத்து மிதித்துப் பாருங்கள். அணையாவிட்டால் நிறுத்தி, சில மீட்டர் ரிவர்ஸ். அதற்கும் மசியவில்லை என்றால் ஒரு பக்கச் சக்கரங்களைப் பனியிலோ சரளையிலோ ஏற்றி மெதுவாக நகருங்கள். இத்தனைக்கும் விடாவிட்டால்தான் அடுத்த பகுதிக்குப் போக வேண்டும்.

4எச் விழவில்லை, விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது

முதலில் ஓட்டுநர் பக்கம். ஓடும்போதே 4எச் போடலாம் என்பது சரி, ஆனால் அதற்கு வேக வரம்பு உண்டு. டகோமாவில் மணிக்கு 100 கி.மீ.க்குக் கீழே, ரேமில் 88 கி.மீ.க்குக் கீழே என்று கையேடு சொல்கிறது. வரம்புக்குள் இருந்தாலும் கடுங்குளிரில் 60-க்குக் கீழே வந்து போடுவது நல்லது. எண்ணெய் கெட்டியாக இருக்கும், சும்மா கிடந்த முன் ஷாஃப்டைப் பின் ஷாஃப்டின் வேகத்துக்குக் கொண்டுவர நேரம் பிடிக்கும். ஸ்டியரிங் நேராக, கால் ஆக்சிலரேட்டரை விட்டு, வண்டி உருண்டுகொண்டிருக்க வேண்டும்.

பின் சக்கரம் ஐஸில் வெறித்தனமாகச் சுழன்றுகொண்டிருக்கும்போது 4எச் போடுவதுதான் ஆகக் கெட்ட பழக்கம். வண்டி நிற்கிறது, அதனால் முன் ஷாஃப்ட் நிற்கிறது. பின் ஷாஃப்ட் 50 கி.மீ. வேகத்துக்குச் சுழல்கிறது. இரண்டையும் அந்த நொடியில் பூட்டச் சொன்னால் 'கரகர' என்று பல் அரைபடும். ஒன்று விழாது, விழுந்தால் எதையாவது உடைத்துக்கொண்டு விழும். சக்கரம் முழுதாக நின்றபின் போடுங்கள். அதைவிட, பனி மூடிய தெருவுக்குள் திரும்பும் முன்பே போட்டுவிடுவது மேல்.

இதெல்லாம் சரியாகச் செய்தும் மின்னினால், வண்டியை அணைத்து அரை நிமிடம் விட்டு மறுபடி கிளப்பிப் பாருங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டி ஒரு தடவை தோற்றால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதுண்டு.

அடுத்தது பேட்டரி. பலரும் கடைசியில் பார்ப்பது இது, முதலில் பார்க்க வேண்டியது. டிரான்ஸ்ஃபர் கேஸை மாற்றும் மோட்டார் நல்ல மின்சாரம் கேட்கும். மைனஸ் 18 டிகிரியில் பேட்டரியின் திறன் கிட்டத்தட்டப் பாதியாகிவிடுகிறது. இரவு முழுக்க நின்ற வண்டியில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்: 12.6 வோல்ட் என்றால் முழுதாக இருக்கிறது, 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12.2-க்குக் கீழே இருந்தால் ஃபோர் வீலைக் குறை சொல்லும் முன் பேட்டரியைச் சார்ஜ் செய்யுங்கள்.

பேட்டரி நன்றாக இருந்தால் காதால் சோதிக்கலாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்திப் பார்க் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் ஆனில் இருக்கட்டும். ஒருவர் உள்ளே 2எச், 4எச் என்று குமிழைத் திருப்ப, இன்னொருவர் வெளியே பக்கவாட்டில் குனிந்து கேட்க வேண்டும். 4எல் பக்கம் போகவே கூடாது, ஏன் என்பது அடுத்த பகுதியில் வருகிறது. வண்டியின் நடுவில், கியர் பெட்டிக்குப் பின்னால், ஒன்றிரண்டு விநாடி 'விர்ர்' என்று மோட்டார் சத்தம் வரும். அது முடிந்ததும் முன் அச்சின் பக்கம் சின்னதாக ஒரு 'டிக்' அல்லது 'விர்'.

இரண்டு சத்தமும் இல்லை என்றால் ஃபியூஸ், அதன்பின் ஷிஃப்ட் மோட்டாரின் கனெக்டர். நடுவில் சத்தம் இருக்கிறது, முன்னால் இல்லை என்றால் முன் அச்சை இணைக்கும் ஆக்சுவேட்டர். இரண்டும் கேட்கிறது, ஆனாலும் விளக்கு மின்னுகிறது என்றால் பற்கள் நேருக்கு நேர் முட்டி நிற்கின்றன, அல்லது மோட்டார் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் சென்சார் பொய் சொல்கிறது. வண்டியை ஒரு மீட்டர் முன்னும் பின்னும் உருட்டினால் முதலாவது தீர்ந்துவிடும். வாக்யூமில் இயங்கும் ஹப் (முன் சக்கரத்தை அச்சோடு சேர்த்துப் பிரிக்கும் பாகம்) உள்ள வண்டிகளில் முன்பக்கச் சோதனைக்கு எஞ்சின் ஓட வேண்டும். சில மாடல்கள் எஞ்சின் ஓடாமல் எதையுமே மாற்றாது. அப்படியானால் அதே சோதனையை எஞ்சினை ஓடவிட்டு, வெளியிடத்தில் செய்யுங்கள்.

கனெக்டரைக் கழற்றினால் பித்தளைக் கால்களில் பச்சைப் பூச்சு படர்ந்திருப்பது தெரியும். சாலை உப்பு வேலை அது. கான்டாக்ட் கிளீனர் அடித்து, சின்ன நைலான் பிரஷால் தேய்த்து, காயவிட்டு, டைஎலக்ட்ரிக் கிரீஸ் லேசாகத் தடவி மாட்டுங்கள். புது மோட்டார் வாங்கும் முன் இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்துவிடுங்கள்.

ஆண்டில் எட்டு மாதம் தொடாமல் வைத்துவிட்டு டிசம்பரில் குமிழைத் திருப்பினால் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் கியரைத் தள்ளும் ஃபோர்க் இறுகிப்போய் நகராமல் அடம்பிடிக்கும். மாதம் ஒருமுறையாவது 16 கி.மீ. ஃபோர் வீலில் ஓட்டச் சொல்கிறது டொயோட்டா கையேடு. முன்பக்கப் பாகங்களுக்கு எண்ணெய் ஏற வேண்டும் என்பதற்காக. கோடையில் சரளைச் சாலை, மழை நாள், இப்படிப் பார்த்து ஓட்டுங்கள். எந்த நிறுவனத்தின் வண்டிக்கும் இது நல்லதுதான்.

4எல் விழவில்லை, அல்லது 'கட கட' என்று அரைக்கிறது

4எல் ஓடும்போது போடும் கியர் அல்ல. நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலுக்கு வந்து, குமிழைத் திருப்பி, விளக்கு நிலையாக எரியும்வரை காத்திருங்கள். பல் முட்டினால், கையேடு அனுமதிக்கும் வண்டிகளில் மணிக்கு 3 முதல் 5 கி.மீ.யில் உருளவிட்டு, நியூட்ரலில் மாற்றலாம். அதிகம் உருண்டால் அரைக்கும்.

இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. எச்-க்கும் எல்-க்கும் நடுவில் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஒரு நியூட்ரலைக் கடக்கிறது. மாற்றம் பாதியில் நின்றால் கியர் பெட்டிக்கும் சக்கரங்களுக்கும் தொடர்பே இல்லை. அந்த நிலையில் லீவரைப் பார்க்கில் போட்டாலும் வண்டி உருளும். சரிவான டிரைவ்வேயில் விளக்கு மின்னிக்கொண்டிருக்கும்போது இறங்கிப் போய்ப் பார்ப்பவர்கள் கவனம். கைப்பிரேக் இல்லாமல் கதவைத் திறக்காதீர்கள்.

ஐஸில் மாட்டியதும் 4எல் போடுவது பலரின் வழக்கம். அது பெரும்பாலும் தவறான மருந்து. முறுக்குவிசை இரண்டரை மடங்குக்கு மேல் பெருகும், சக்கரம் இன்னும் சுலபமாகச் சுழலும். வழுக்கலான தரையில் 4எச்-இல் இரண்டாம் கியரில் கிளம்பிப் பாருங்கள். 4எல் ஆழமான பனியில் ஊர்வதற்கும், செங்குத்தான இறக்கத்துக்கும், கனத்த டிரெய்லரைப் பனியில் இருந்து இழுப்பதற்கும். வேகம் 40 கி.மீ.யைத் தாண்ட வேண்டாம். பல வண்டிகளில் 4எல் போட்டதும் வழுக்கல் தடுப்பு தானாக அணைந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

விளக்கு எரிகிறது, ஆனால் முன் சக்கரம் இழுக்கவில்லை

விளக்கை நம்ப வேண்டாம், தடத்தைப் பாருங்கள். காலியான பனி மைதானத்தில் 4எச் போட்டுச் சற்று வேகமாகக் கிளம்பச் சொல்லி, வெளியே தள்ளி நின்று பார்த்தால் முன் சக்கரமும் பனியை வாரி வீசுகிறதா என்று தெரியும். தனியாக இருந்தால், சரளையிலோ மெல்லிய பனியிலோ ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து நடை வேகத்தில் ஒரு வட்டம் போடுங்கள். லேசாகக் கட்ட வேண்டும். வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு திரும்பினால் முன் அச்சு இணையவில்லை. ஆக்சுவேட்டர், அதன் வயர், அல்லது ஹப்.

ஃபோர்டு சூப்பர் டூட்டியில் ஹப்பின் முகத்தில் ஆட்டோ, லாக் என்று கையால் திருப்பும் டயல் உண்டு. வாக்யூம் கசிந்து ஆட்டோ வேலை செய்யாவிட்டால் இரு பக்கமும் லாக்கில் வைத்துவிட்டுக் குளிர்காலத்தை ஓட்டிவிடலாம். 2எச்-இல் போகும்போது முன் ஷாஃப்ட் சும்மா சுழலும், கொஞ்சம் பெட்ரோல் கூடும். ஒரு பக்கம் மட்டும் லாக்கில் விடாதீர்கள்.

2எச்-இல் போகும்போது முன் சக்கரத்தில் கரகரப்பு, 4எச் போட்டால் நின்றுவிடுகிறது

2004 முதல் 2020 வரையிலான எஃப்-150 ஃபோர் வீல் வண்டிகளின் முன் ஹப் அமைப்பைத் தெரிந்தவருக்கு இந்தச் சத்தம் முகவரி போல. அதில் வாக்யூம் இருக்கும்வரை ஹப் விலகி நிற்கும். வாக்யூம் போனால் ஸ்பிரிங் அதைச் சேர்த்துவிடும். குழாயில் சின்னக் கசிவு இருந்தால் முழுதாக விலகாமல் பற்கள் நுனியில் உரசும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது எஞ்சினில் வாக்யூம் குறைவதால் மேடு ஏறும்போதும் முந்தும்போதும் சத்தம் கூடும்.

வழியில் தொடங்கினால் பனியாகவோ ஈரமாகவோ உள்ள சாலையில் 4எச் போட்டு வீடு சேரலாம். பற்கள் முழுதாகச் சேர்ந்துவிடும், உரசல் நிற்கும். காய்ந்த சாலை என்றால் ஆக்சிலரேட்டரை மென்மையாக வைத்துப் போங்கள். வீட்டில் பார்க்க வேண்டிய வரிசை: சக்கரத்தின் பின்னால் போகும் ரப்பர் முழங்கைக் குழாய்கள் வெடித்திருக்கின்றனவா, எஞ்சின் அறையின் பின்சுவர்ப் பக்கம் வாக்யூமைத் திறந்து மூடும் சொலினாய்டில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா, செக் வால்வ் ஒரு பக்கம் மட்டும் காற்று விடுகிறதா. கையால் இயக்கும் வாக்யூம் பம்ப் ஒன்று இருந்தால் ஹப்பில் நேராக மாட்டிப் பாருங்கள், வாக்யூம் இறங்காமல் நிற்க வேண்டும். குழாய் மலிவு. அதைத் தள்ளிப்போட்டால் பற்கள் மழுங்கி ஹப்பையே மாற்ற வேண்டிவரும்.

நான்கும் பூட்டியாகிவிட்டது, வண்டி நகரவில்லை

4எச் என்றால் நான்கு சக்கரமும் இழுக்கும் என்பது பேச்சுக்குச் சரி. முன், பின் டிஃபரன்ஷியல்கள் சாதாரணமானவை என்றால் முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் ஒரு சக்கரமும் ஐஸில் சுழல, மற்ற இரண்டும் வேடிக்கை பார்க்கும். பின் லாக்கர் (பின் சக்கரங்கள் இரண்டையும் ஒன்றாகப் பூட்டுவது) பொத்தான் இருந்தால் இப்போதுதான் அதை அழுத்த வேண்டும். நகர்ந்து வெளியே வந்ததும் எடுத்துவிட வேண்டும். இல்லாதவர்கள் ஆக்சிலரேட்டரை லேசாகக் கொடுத்தபடி இடது காலால் பிரேக்கை மெல்லத் தொட்டுப் பார்க்கலாம். சுழலும் சக்கரம் தயங்கும், நிற்கும் சக்கரத்துக்குக் கொஞ்சம் இழுவை போகும்.

அதற்கும் முன் இறங்கிக் கீழே பாருங்கள். பிக்கப்பின் அடிவயிறு தரையில் இருந்து சுமார் 20 முதல் 24 செ.மீ. உயரம். நகராட்சிப் பனிவண்டி டிரைவ்வே வாசலில் தள்ளிவிட்டுப் போகும் பனிமேடு அதைவிட உயரமாக இருக்கும், இரவில் இறுகிக் கல்லாகிவிடும். அதன்மேல் ஏறி அடிவயிறு உட்கார்ந்துவிட்டால் சக்கரங்கள் அந்தரத்தில். ஃபோர் வீல் அங்கே எதுவும் செய்யாது, மண்வெட்டிதான்.

முதலில் புகைபோக்கிக் குழாயின் வாயில் உள்ள பனியைத் தள்ளுங்கள். அது அடைபட்டு எஞ்சின் ஓடினால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், வாசனையே தெரியாது. அடுத்து அடிவயிற்றின் கீழ். அதன்பின் ஒவ்வொரு சக்கரத்தின் முன்னும் பின்னும் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சரிவாக வெட்டுங்கள். மணலை டயரின் முகத்தில் வீசாமல், டயர் ஏறப்போகும் தடத்தில் தூவுங்கள். சக்கரத்துக்கு ஒரு சின்னப் பாத்திரம் அளவு போதும். மணலுக்குப் பதில் பூனையின் கழிவுத் தட்டில் போடும் மண்ணைப் போடுபவர்கள் உண்டு, கட்டியாகும் வகை ஈரம் பட்டதும் சேறாகிவிடும். மணல் அப்படி ஏமாற்றாது.

ஸ்டியரிங்கை நேராக்குங்கள். வழுக்கல் தடுப்பை அணையுங்கள், சில வண்டிகளில் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். ஆழமான பனியில் அது எஞ்சின் சக்தியை வெட்டிக்கொண்டே இருக்கும், வண்டி மூச்சுத் திணறும். பிறகு டிரைவ், ரிவர்ஸ் என்று ஊஞ்சல் போல ஆட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் சக்கரம் சுழலத் தொடங்கும் கணத்தில் காலை எடுத்து, வண்டி முழுதாக நின்றபின் கியரை மாற்ற வேண்டும். நின்ற இடத்தில் சுழலும் சக்கரம் பனியை உருக்கி ஐஸாக்குகிறது, அடுத்த முயற்சி இன்னும் கடினமாகிறது. ஐந்தாறு ஆட்டத்தில் முன்னேற்றம் இல்லை என்றால் மறுபடி மண்வெட்டி. கியர் எண்ணெய் வெப்பமானி 120 டிகிரியை நெருங்கினால் நிறுத்தி ஆறவிடுங்கள்.

காற்றடிக்கும் கம்ப்ரஸர் கையில் இருந்தால் டயரை 20 அல்லது 22 பிஎஸ்ஐ வரை இறக்கலாம், தடம் அகலமாகும். சாலைக்கு ஏறும் முன் கதவுத் தூணில் எழுதியிருக்கும் அளவுக்கு நிரப்பியாக வேண்டும்.

இன்னொரு வண்டியால் இழுப்பதானால் வண்டியின் அடிச்சட்டத்தில் (ஃபிரேம்) உள்ள கொக்கியில் மட்டும் பட்டையை மாட்டுங்கள். டிரெய்லர் பந்தில் மாட்டாதீர்கள். அது பிய்ந்தால் குண்டு போலப் பறக்கும், இதனால் உயிரே போயிருக்கிறது.

நன்றாகக் கிளம்புகிறது, நிற்க மாட்டேன் என்கிறது

கோளாறு இல்லை. பிரேக் எல்லா வண்டியிலும் நான்கு சக்கரத்திலும்தான் பிடிக்கிறது, குமிழ் எங்கே இருந்தாலும் சரி. 4எச் ஓடத் தொடங்க உதவும். பள்ளத்தில் கிடக்கும் பிக்கப்புகளைப் பார்த்தால் அவற்றின் ஓட்டுநர்களுக்கு இது யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. நிறுத்துவது டயர்.

கோடை டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கும். பக்கச்சுவரில் மூன்று சிகரமும் நடுவில் பனித்துகளும் உள்ள அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். சேறு, பனி என்பதைக் குறிக்கும் வெறும் எம்+எஸ் எழுத்துகள் அதற்கு ஈடல்ல. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் போட்டிருந்தால் 2016 முதல் காப்புறுதி நிறுவனங்கள் கட்டணத்தில் தள்ளுபடி தரவேண்டும். கேட்டு வாங்குங்கள்.

காற்றழுத்தமும் குளிரில் இறங்கும், ஏறக்குறைய 5.5 டிகிரிக்கு 1 பிஎஸ்ஐ. 20 டிகிரி கராஜில் 35 வைத்த டயர் மைனஸ் 20-இல் 28-ஆக இருக்கும். வெளியே நின்ற குளிர்ந்த டயரில் அளந்து நிரப்புங்கள்.

ஐஸ் மிக அதிகமாக வழுக்குவது கடுங்குளிரில் அல்ல, 0 டிகிரியை ஒட்டி, மேலே மெல்லிய ஈரப்படலம் இருக்கும்போது. பாலங்கள் முதலில் உறையும். முன் வண்டியோடு 8 விநாடி இடைவெளி, க்ரூஸ் கன்ட்ரோல் அணைத்து. நீண்ட இறக்கத்தில் மட்டும் 4எச் உதவும்: எஞ்சின் பிரேக்கிங் இரண்டு சக்கரத்துக்குப் பதில் நான்குக்கும் பகிரப்படுவதால் பின் சக்கரம் எளிதில் வழுக்காது.

பின்பக்கம் வீசுகிறது, அல்லது ஸ்டியரிங் ஒடித்தும் நேரே போகிறது

பிக்கப்பின் பின்பெட்டி காலியாக இருந்தால் பின் அச்சில் எடை இல்லை. 2எச்-இல் வளைவில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வால் வெளியே வரும். காலை எடுத்து, வால் போகும் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்புங்கள், பிரேக்கைத் தொடாதீர்கள். 4எச்-இல் இதற்கு நேர்மாறு நடக்கும்: முன் சக்கரமே பிடிப்பை இழந்து வண்டி நேரே உழுதுகொண்டு போகும். இன்னும் ஒடிக்கத் தோன்றும், ஒடிக்காதீர்கள். காலை எடுத்து, ஸ்டியரிங்கைச் சற்று நேராக்கினால் டயர் மறுபடி பிடிக்கும்.

நிரந்தர மருந்து மணல் மூட்டை. 30 கிலோ மூட்டை நான்கு முதல் ஆறு, பின் அச்சுக்கு நேர் மேலே, சக்கர வளைவுகளுக்கு நடுவில். பெட்டியின் பின்கதவோரமாகப் போட்டால் முன்பக்கம் தூக்கி ஸ்டியரிங் இன்னும் மோசமாகும். மரச்சட்டம் அடித்தோ பட்டை கட்டியோ நகராமல் வையுங்கள். திடீரென நின்றால் மூட்டைதான் முதலில் கேபினுக்கு வரும். பெட்டியில் விழுந்த பனியையே எடையாக வைத்துக்கொள்பவர்கள் உண்டு. அது ஒரு பக்கம் சரியும், உருகும், உறையும்.

80 கி.மீ.யைத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது

நேற்று ஆழமான பனியில் ஓட்டினீர்களா? ரிம்மின் உட்புறத்தில் பனி அப்பி, ஒரு பக்கமாக உறைந்திருக்கும். வெளியே இருந்து தெரியாது, கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். மரக்கட்டையால் தட்டியோ வெந்நீர் இல்லாமல் கார் வாஷ் தண்ணீர் அடித்தோ எடுத்துவிட்டால் நடுக்கம் போய்விடும். பேலன்சிங்குக்குப் பணம் கொடுக்கும் முன் இதைப் பாருங்கள்.

காலையில் ஒரு பின் சக்கரம் சுழலாமல் இழுபடுகிறது

ஈரத்தோடு கைப்பிரேக் இழுத்து நிறுத்தியிருப்பீர்கள், உறைந்துவிட்டது. மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்தினால் விடும். ஃபோர் வீல் போட்டு இழுத்து விடுவிக்கப் பார்க்க வேண்டாம். கடுங்குளிரில், சமதளத்தில், பார்க் போதும்.

அடியில் இருந்து ஊளை, எண்ணெய் பால் நிறம்

கடுங்குளிரில் முதல் 2, 3 கி.மீ. வரை கெட்டியான எண்ணெயின் ஊளை இயல்பு. சூடானபின்னும் தொடர்ந்தால் எண்ணெயைப் பாருங்கள். சூடான டிஃபரன்ஷியல் உருகிய பனிச்சேற்றில் நின்று திடீரென ஆறும்போது உள்ளே காற்று சுருங்கும். உள்ளே காற்று போய்வரும் மூச்சுக்குழாய் அடைபட்டிருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். பால் கலந்த தேநீர் நிறத்தில் எண்ணெய் வந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. மூச்சுக்குழாயைச் சுத்தம் செய்து எண்ணெயை மாற்றுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பல வண்டிகளில் 1.5 முதல் 2 லிட்டர் பிடிக்கும். எந்த எண்ணெய் என்பதில் கையேட்டை மீறாதீர்கள். 4ஆட்டோ உள்ள கேஸில் கிளட்ச் தட்டுகளுக்கான எண்ணெய் வேறு, தவறானதை ஊற்றினால் தட்டுகள் கருகும்.

வேலை செய்யும்போது முதலில் மேலே உள்ள, எண்ணெய் ஊற்றும் பிளக்கைக் கழற்றுங்கள். உப்பில் துருப்பிடித்து அது வர மறுத்தால், கீழே உள்ள வடிகால் பிளக்கைத் தொடாதீர்கள். ஊடுருவும் எண்ணெய் அடித்து ஒரு இரவு விட்டுப் பார்க்கலாம். கீழே வடித்துவிட்டு மேலே திறக்க முடியாமல் நிற்கும் வண்டியை இழுவை வண்டியில்தான் கொண்டுபோக வேண்டும்.